நான் எழுதிய நம்பர்

அரியலூரில் டி.வி. மெக்கானிக்குகள் தொழில் பேசுவது சாயங்கால டீக்கடையில். அங்கே நான் போய் நிற்க முடியாது. நின்றும் பார்த்தேன். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்கள். ஐ.டி.ஐ.யில் அவர்கள் படித்ததைத்தான் நானும் படித்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடையும் போட்டேன். ஆனால் புது மாடல் டி.வி. செட்டு ஒன்று மாட்டிக்கொண்டால் சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. "மெக்கானிக் இல்லீங்களா?" என்று என்னிடமே கேட்கிற வாடிக்கையாளர்கள் வேறு.

அதனால் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். திரை போட்ட தடுப்புகளுக்குள் காலேஜ் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் திரையை ஒதுக்கிவிட்டுத்தான் உட்காருவேன். பார்க்கிறவன் பார்க்கட்டும். தமிழ்நாடு முழுக்க உள்ள டி.வி. மெக்கானிக்குகள் சேர்ந்த மின்னஞ்சல் குழு ஒன்று இருந்தது. ஒருவர் கேள்வி எழுதினால் எல்லோருக்கும் போகும். தெரிந்தவர் பதில் போடுவார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவோம். கடைப் பெயரை மட்டும் போட்டிருந்ததால் என்னை எல்லோரும் சார் என்றார்கள். சார் இல்லை, நான் பொம்பளை என்று எழுதினேன். பொள்ளாச்சிக்காரர் ஒருவர் பதில் போட்டார்: "சரிங்க மேடம். அந்த வோல்ட்டேஜ அளந்தீங்களா?" அவ்வளவுதான். எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

நான் வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற ஊர் இது. தூசி செட்டுக்குள் படிந்து, மழைக்காலத்தில் ஈரமும் சேர்ந்தால் உள்ளே பொறி பறக்கும். அதை எப்படிச் சுத்தம் செய்வது, எந்த இடத்தில் வார்னிஷ் பூசுவது என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதினேன். உப்புக் காற்றில் வீணாகிற செட்டுக்கும் அந்த வைத்தியம் கேட்கிறது என்று கடலோர ஊர்க்காரர் ஒருவர் பதில் எழுதினார். எங்கள் ஊரில் அதுவரை ஒருத்தன்கூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

சண்டை ஒரு ஐ.சி.யால் வந்தது. ஐ.சி. என்பது போர்டில் விரல் நகம் அளவுக்கு இருக்கும் கறுப்புத் துண்டு. முதுகில் நம்பர் இருக்கும். நம்பர் தெரிந்தால் யாரும் வாங்கி மாற்றலாம். அதனால் எங்கள் தொழிலில் ஒரு கேவலமான பழக்கம் உண்டு. மாற்றிய ஐ.சி.யின் முதுகை உப்புத்தாளால் தேய்த்து நம்பரை அழித்துவிடுவார்கள், அடுத்தவன் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாதாம். ஒரு கம்பெனி செட்டுக்கு ஒரிஜினல் ஐ.சி. கிடைக்காது. அதற்குப் பதில் எதைப் போடுவது என்று எங்கள் ஊர் மெக்கானிக் சங்கத் தலைவருக்கு மட்டும் தெரியும். குன்னம், திருமானூரிலிருந்துகூட அந்தச் செட்டு அவரிடம்தான் வரும். அவர் தேய்த்துப் போட்ட செட்டு ஒன்று மறுபடி பழுதாகி என் மேசைக்கு வந்தது. தலைவரிடம் கேட்டேன், சொல்லவில்லை. குழுவில் கேட்டேன். ஐ.சி.யின் எந்தக் கம்பிக் கால் போர்டில் எங்கே போகிறது என்று பொள்ளாச்சிக்காரர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கண்டுபிடித்துச் சொன்னார். மாற்றிப் போட்டேன், படம் வந்தது. உடனே செட்டு மாடலையும் அந்த நம்பரையும் குழுவில் எழுதிப் போட்டேன்.

குன்னத்தில் டி.வி. கடை வைத்திருந்த, அதே குழுவில் இருந்த தம்பி ஒருவன் பெரம்பலூர் போய் அதைப் பிரிண்ட் எடுத்து, அரியலூர் ஸ்பேர் கடையில் நீட்டி அந்த ஐ.சி.யைக் கேட்டிருக்கிறான். ஊரில் ஒரே ஸ்பேர் கடை. கடைக்காரர் சங்கத் தலைவரின் மச்சான். பிரிண்டில் என் கடைப் பெயரும் இருந்தது.

மறுநாள் தலைவர் என் கடை வாசலில் நின்றார்.

"ஏம்மா, கம்ப்யூட்டர்ல ஊருக்கெல்லாம் நம்பர் எழுதிப் போடுறியாமே?"

"ஆமாண்ணே."

"எத்தன செட்ட பொசுக்கி நான் கண்டுபுடிச்சது தெரியுமா? நோவாம தூக்கிக் குடுத்துட்ட."

"நான் கேட்டப்ப நீங்க சொல்லியிருந்தா பொள்ளாச்சியில போயி ஏன் கேக்குறேன்?"

"இனிமே எழுதாத. எழுதுன, மச்சான் கடையில உனக்கு ஒரு ஸ்குரூகூடக் கெடைக்காது."

"எழுதுவேண்ணே."

எழுதினேன். ஸ்பேர் கடையில் எது கேட்டாலும் ஸ்டாக் இல்லை என்றார்கள், கண்ணாடி அலமாரிக்குள் அது தெரியும்போதே. அப்பா படுக்கையில் இருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கடைதான் சோறு. அவரை விட்டுவிட்டு ஸ்பேர் வாங்க அடிக்கடி திருச்சி போய்வர முடியாது. ரிப்பேர் ஆகாத செட்டுகள் சுவரோரம் சேர்ந்தன. ஒருவர் தன் செட்டைத் திருப்பித் தூக்கிக்கொண்டு நேராகத் தலைவர் கடைக்கே போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடந்ததை அப்படியே குழுவில் எழுதினேன். கெஞ்சவில்லை. திருச்சிக்காரர் ஒருவர், என் முகத்தைக்கூடப் பார்க்காதவர், என்ன சாமான் வேண்டும் என்று மட்டும் கேட்டார். திருச்சியிலிருந்து அரியலூருக்குத் தினமும் ரயிலில் வேலைக்கு வரும் அவருடைய தெருக்காரரிடம் பொட்டலம் கொடுத்துவிட்டார். நான் பிளாட்பாரத்தில் வாங்கிக்கொண்டேன். பிறகு வாரா வாரம் வந்தது. கடை விலைக்கு மேல் அவர் எதுவும் வாங்கவில்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதிக் கேட்டேன். போன மழைக்கு நான் எழுதிய தூசி விஷயத்தால் அவருக்கு நிறைய செட்டு ரிப்பேர் முடிந்ததாம்.

செட்டுகள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்ததும் தலைவர் சமாதானத்துக்கு ஆள் அனுப்பினார். வந்தது யார் தெரியுமா? அதே குன்னத்துத் தம்பி. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"யக்கா, வேற எத வேணா எழுதிக்க. நம்பர மட்டும் எழுதாத. நாளைக்கே ஸ்பேர் குடுக்கச் சொல்றாரு."

"அந்த நம்பர வெச்சு நீ எத்தன செட்டு முடிச்ச?"

சிரித்தான். "அது இருக்குக்கா, ஒரு பத்துப் பதினஞ்சு."

"நான் நிறுத்திட்டா அடுத்த நம்பருக்கு நீ யாருகிட்டப் போவ?"

அவன் ஸ்டூலை விட்டு எழுந்தான்.

"அந்த டீக்கடையில எனக்கு ஒரு எடம் குடுத்திருந்தா இதெல்லாம் இல்லடா. இப்ப எனக்கு அந்த எடமும் வேணாம், அவங்க ஸ்பேரும் வேணாம். எழுதுவேன்னு போயி சொல்லு."

போய்ச் சொல்லிவிட்டான். அந்த வாரமே என்னைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். பிளாட்பாரத்தில் எனக்குப் பொட்டலம் வருவதை அவர்களால் நிறுத்த முடியவில்லை.