ஆளில்லாத தவறு

எரர் என்ற இங்கிலீஷ் வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அகராதியில் பிழை என்று போட்டிருக்கிறார்கள். பிழை என்றால் செய்த ஆள் ஒருத்தர் இருக்கவேண்டாமா? எங்கள் அலுவலகத்து எரருக்கு அப்படி யாரும் கிடையாது.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தேன். சாயர்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணிய திமிர் கொஞ்சம் உண்டு. கொழும்புக்குப் போகும் தோணிகளில் வேலை செய்யும் ஆட்களின் பட்டியலை இங்கிலீஷில் அடித்துச் சுங்க அலுவலகத்துக்கு அனுப்புவது என் வேலை.

ஒருநாள், தோணியை நடத்திப்போகும் தண்டல் எழுதிக் கொடுத்த தாளில் ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் ஒரே பெயர், அதே குடும்பப் பெயரோடு, இரண்டு தடவை வந்தது. வயதில் மட்டும் ஒரு வருஷம் வித்தியாசம். தண்டல் அவசரத்தில் இரண்டு தரம் எழுதிவிட்டார் என்று நானே முடிவுகட்டி ஒன்றை விட்டுவிட்டேன். கடற்கரைக் கத்தோலிக்கர் வீடுகளில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான். அண்ணன் தம்பி இருவருக்கும் மூத்தது பையன் என்றால் இரண்டு பையன்களுக்கும் அதே பெயர் வரும். ஊரார் பட்டப்பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்வார்கள். வெளியூர்க்காரி நான் தண்டலிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

மறுநாள் காலையில் தோணி எட்டுப் பேரோடு போய்விட்டது. நாற்பதை நெருங்கிய ஒருவர் பெட்டியோடு கரையில் நின்றார்.

கடத்தல் கெடுபிடி மிகுந்த காலம் அது. பட்டியலில் பெயரில்லை என்று ஒருவரை இறக்கிவிட்டால், எதையோ ஒளித்து வைத்து மாட்டிக்கொண்டார் என்றுதான் ஊர் பேசும். அப்படிப் பேச்சு வாங்கியவரை எந்தத் தண்டலும் ஏற்றமாட்டார். அதனால், தன்மேல் குற்றமில்லை என்று ஒரு கடிதம் கேட்டு அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ‘இவர் குற்றமற்றவர், இது எங்கள் டைப்பிஸ்ட் செய்த மிஸ்டேக்’ என்று அடித்து மேனேஜரிடம் நீட்டினேன்.

மேனேஜர் பேனாவால் குறுக்கே கோடு கிழித்தார். “மிஸ்டேக்னு போட்டா செஞ்சது யாருன்னு கஸ்டம்ஸ்காரன் கேப்பான். எரர்னு போடுங்க. ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். ‘மேற்படி பெயரில் ஒரு எரர் நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம்’ என்று இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள் அதே கடிதத்தோடு அவர் திரும்பி வந்தார். வேலை கேட்டுப் போன இடத்தில் வேறொரு தண்டல் யாரையோ வைத்து அதைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்.

“‘ஒம் பேர்ல என்னமோ எரருன்னு போட்டிருக்காம்லா, என்னல செஞ்ச?’ன்னு கேக்காரும்மா. நான் என்னத்தச் சொல்ல?”

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மேனேஜர் மேல், அந்த வார்த்தை மேல், எல்லாவற்றையும்விட என் மேல். செய்த ஆளை மறைத்து அனுப்பிய தவறு, தாளில் இருந்த ஒரே பெயரைப் போய்ப் பிடித்துக்கொண்டது.

“இதுல ஏம் பேரு மட்டுந்தான இருக்கு. விட்டுப்போட்ட ஆளு பேரையும் சேத்துப் போட்டுத் தாங்கம்மா. அவ்வொளை நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்” என்றார்.

அந்த ஆள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. மேனேஜர் தன் மேஜையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுத் தாளைச் செருகி, அதே கடிதத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் மறுபடி அடித்தேன்.

அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“பேரு போட்டாச்சாம்மா?”

“போட்டாச்சு” என்றேன்.