கட்டம் சரியில்லை

தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக் கூரையின் பழைய தகரத்தைக் கழற்றிப் புதியது போட எனக்கு மழையில்லாத ஒரே ஒரு நாள் தேவைப்பட்டது. ஐப்பசி மாதம் வேறு. நமுனுகுல மலையில் கவியும் மேகத்தைப் பார்த்துப் பார்த்தே பத்து நாள் தள்ளிப்போட்டேன்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் மழை அளக்கும் குவளை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். என்றைக்கு மழை விடும் என்று அவளிடமே கேட்டேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்க கட்டம் சரியில்லண்ணே."

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு ஜாதகக் கட்டம் ஒன்றுதான் தெரியும்.

"சனியாம்மா? பரிகாரம் இருக்கா?"

அவள் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. கம்ப்யூட்டர் நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து மழையைக் கணக்குப் போடுமாம். பருவமழையின் பெரிய போக்கை ஓரளவு சரியாகச் சொல்லிவிடுமாம். ஆனால் பதுளை, பசறை, எங்கள் மலை எல்லாம் ஒரே பெரிய கட்டத்துக்குள் இருக்கின்றன. அந்தக் கணக்கில் மலை தட்டையாகிவிடும். மழையும் எல்லோருக்கும் சமமாகப் பெய்யும்.

"பரிகாரம் இருக்குண்ணே. கட்டத்தைச் சின்னதாக்கணும். ஆக்கிக்கிட்டுத்தான் இருக்கோம்."

வீட்டில் வந்து சொன்னேன்.

"அவங்க ஆக்கி முடிக்கிற வரைக்கும் ஒழுகுற கூரைக்குக் கீழயே கெடக்கவா? ஏறுங்க மேல," என்றாள் மனைவி.

ஏறினேன். முன்பக்கத்துத் தகரம் போட்டு முடித்து, பின்பக்கத்தைக் கழற்றியதும் மழை பிடித்துக்கொண்டது. நான் இறங்கி வந்து பின்பக்கத்து அடுப்படியில் நனைந்துகொண்டே விறகை அள்ளினேன். முன்னறையில் காய்ந்த பாயில் உட்கார்ந்திருந்த மனைவி சொன்னாள்:

"அந்தப் புள்ளகிட்ட சொல்லுங்க, நம்ம வீட்டுக்கே ரெண்டு கட்டம் வேணுமாம்னு."