மெல்பர்ன் மேட்ச்

இருதயத்துக்கு அறுபத்தெட்டு வயது. ரயில்வேயில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு. சனிக்கிழமையானால் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போய், கிளப் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்பார். எதிர்முனையில் நிற்பவர் ராதாகிருஷ்ணன். ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர். நாற்பது வருடச் சிநேகம்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மெல்பர்னில் தொடங்கும் டெஸ்ட் ஆட்டத்தை இருதயம் ஒரு வருடமும் விட்டதில்லை. இங்கே காலை ஏழரைக்கு டிவியில் வரும். மகன் ரோனி சிறுவனாக இருந்த காலத்தில், வீடே அசந்து தூங்கும்போது அப்பாவும் பிள்ளையும் மட்டும் எழுந்து, மீந்துபோன கோழிப் பிரட்டலை ரொட்டிக்குள் வைத்துத் தின்றபடி பார்ப்பார்கள். “ஒருநாளைக்கு நேர்ல போவோம் டேடி” என்பான் ரோனி.

படித்து முடித்து அவன் அந்த ஊருக்கே வேலைக்குப் போனான். மிஷெலைக் கட்டினான். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அம்மா டொரத்தி இறந்த மறுவருடம் போன் செய்தான்.

“டேடி, டிசம்பர்ல வாங்க. மேட்ச் டிக்கெட் எடுத்துட்டேன், நம்ம மூணு பேருக்கும். இந்த ஊர்ல இல்லாத சாப்பாடு இல்ல. மியூசியம், நாடகம், எல்லாம் சுத்திக் காட்றேன்லா.”

இருதயம் அன்று மாலையே தேத்தண்ணிக் கடையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார்.

மெல்பர்னில் இறங்கி இரண்டு வாரம் அவர் பார்த்தது ரோனியின் வீட்டுக் கொல்லையும் பக்கத்துப் பூங்காவும்தான். ரோனியும் மிஷெலும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகே வருவார்கள். குழந்தைக்குச் சளி என்று காப்பகத்துக்கு அனுப்பவில்லை. இவர்தான் கஞ்சி ஊட்டினார், துடைத்துவிட்டார், தூங்க வைத்தார். பரவாயில்லை, பேத்திதானே, இருபத்தாறாம் தேதி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் அன்று சாப்பாடு முடிந்ததும் ரோனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

“டேடி, ஒரு சின்ன பிரச்சினை. காப்பகம் ஜனவரி வரைக்கும் மூடியிருக்கு. பேபிய யார்கிட்டயும் விட முடியல. என்னோட மேனேஜர் வேற மேட்ச் பாக்கணும்னு கேட்டாரு. புரோமோஷன் டைம்…”

“அப்ப மிஷெல்?”

“அவர் வைஃபும் தனியா டிக்கெட் எடுத்து வராங்க டேடி. மிஷெல் வரலன்னா நல்லா இருக்காது. அடுத்த வருசம் கண்டிப்பா போவோம்.”

“சரிப்பா” என்றார் இருதயம்.

மறுநாள் காலை, அந்த ஊர் நேரம் பத்தரை மணிக்கு மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். மைதானம் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருந்தது. முதல் விக்கெட் விழுந்தபோது தொண்ணூறாயிரம் பேர் போட்ட கூச்சலில் குழந்தை பயந்து அழுதது. அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் தேத்தண்ணிக் கடையில் சூழ்ந்துகொண்டார்கள். “மேட்ச் எப்படி அண்ணே?”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் ஆட்டம்தான் வந்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தது, பந்து எப்படித் திரும்பியது, பக்கத்து இருக்கைக் கிழவர் என்ன சொன்னார் என்பது வரை சொன்னார்.

“நல்லா கேட்டுக்குங்கப்பா, நேர்ல பாத்த ஆளு” என்றார் ராதாகிருஷ்ணன். அவரே இன்னொரு தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து, பேத்தியின் படம் தேடி ரோனியின் ஃபேஸ்புக்கைத் திறந்தார் இருதயம். மைதானத்தில் எடுத்த படம் இருந்தது. ரோனி, மிஷெல், ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. கீழே, அன்றைக்கே ராதாகிருஷ்ணன் எழுதியிருந்தார்: “அப்பா எங்கே தம்பி?” ரோனியின் பதிலும் இருந்தது: “வீட்டுல பேபியப் பாத்துக்கிறாரு அங்கிள்.” பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்.

கடையில் ராதாகிருஷ்ணன் சொன்ன வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. தெரிந்துகொண்டே என்னை ஆடவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறான் என்று நினைத்தார். சனிக்கிழமை கிள்ளானில், முதல் ஓவருக்கு முன்பே கேட்டுவிட்டார்.

“ஒனக்கு அன்னைக்கே தெரியும்ல?”

ராதாகிருஷ்ணன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார். “தெரியும்பா. அவ்ளோ பேர் முன்னால நான் என்ன சொல்றது? ஒன்ன விட்டுக்கொடுக்கவா?”

“என்னைக் கோமாளியாக்கிட்டே.”

“நானா ஆக்கினேன் இருதயம்?”

ஆட்டம் முடிந்ததும் இருதயம் சொல்லிக்கொள்ளாமல் வண்டியேறினார். அடுத்த வாரம் நடுவர் சங்கத்துக்குப் போன் செய்து, இனி என்னைச் சுபாங் ஜெயா திடலில் போடுங்கள், கிள்ளான் தூரமாக இருக்கிறது என்றார். தேத்தண்ணிக் கடைக்கும் போவதை நிறுத்திவிட்டார். ராதாகிருஷ்ணன் இரண்டு முறை வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். இருதயம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார், டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டு.

செப்டம்பரில் ரோனி கூப்பிட்டான். மிஷெலுக்கு இரண்டாவது குழந்தை, நவம்பர் கடைசியில். “மூணு மாசம் இருக்கிற மாதிரி வாங்க டேடி. நீங்க இருந்தா எங்களுக்கு நிம்மதி.”

மேட்சைப் பற்றி அவன் பேசவில்லை. இவரும் கேட்கவில்லை.

“சரிப்பா, டிக்கெட் போடு” என்றார்.