மூன்றாவது புரதம்

ருவான்வெல்லை ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்த ஷாமிளாவுக்கு, பஸ்ஸில் கண்ணை மூடினால் டி.என்.ஏ. தெரியும். நனைந்த மரங்கள் ஜன்னலோரம் நகர்ந்துபோக, அந்த நீண்ட இழை தண்ணீருக்குள் மிதப்பதுபோல் மெல்ல அசையும். இரத்தினபுரியில் ஓர் ஆய்வுகூடத்தில் அவள் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தாள். கொதிக்கிற ஊற்றிலும் குடியிருக்கும் ஆதி உயிர்கள் அவை.

அவற்றின் மரபணு வாசிக்கப்படத் தொடங்குவது எப்படி என்பதே அவள் கேள்வி. ஒரு புரதம் 'டாட்டா' என்ற எழுத்து வரிசையைத் தேடிப் பிடித்து இழையை வளைக்கும். இரண்டாவது, அந்த வளைவில் ஒட்டிக்கொண்டு, நகலெடுக்கும் பொலிமரேஸை அங்கே கொண்டுவந்து சேர்க்கும். மூன்றாவது, இழை பிரியக் கைகொடுக்கும். ஆனால் அது இல்லாமலே பல வேளை காரியம் நடந்துவிடும் என்பதால் குளிர்பெட்டியில் சும்மா கிடந்தது.

அந்த மழைக்காலத்தில் அவளுடைய சோதனைக் குழாய்களில் எதுவுமே நடக்கவில்லை. சூடேற்றும் கருவி பழுதாகி, வேண்டிய சூட்டைத் தொட மறுத்தது. மனம் விட்டுப்போய், ஒரு வங்கி வேலைக்கு விண்ணப்பித்தாள்.

"போறதெண்டா போ. அந்த மூணாவதையும் சேத்துப் பாத்துட்டுப் போ," என்றாள் கூட வேலைசெய்யும் ரிஸ்லா.

"சூடே இல்லாத குழாயில அது என்னத்தப் பண்ணும்?"

"தெரியா. அதனாலதான் சொல்றன்."

சேர்த்தாள். மறுநாள் திரையில், நகல் உருவானதற்கு அடையாளமாய், மங்கலாய் ஒரு கோடு விழுந்திருந்தது. மூன்றாவது புரதம் இல்லாத குழாயில் கோடில்லை. திரும்பச் செய்தாள், அப்படியே வந்தது. சூடு குறைந்து இழை தானாய்ப் பிரியத் தடுமாறும்போதுதான் அந்தப் புரதத்தின் உதவி தேவைப்பட்டிருக்கிறது. ஷாமிளா நாற்காலியில் சாய்ந்தாள். கண் விழித்திருக்கும்போதே இழை பிரிவது தெரிந்தது.

அந்த வாரம் கிளினிக்குக்கு வந்துவிட்டு ஆய்வுகூடத்துக்கும் வந்த அம்மா செல்லம்மா, ரப்பர் பால்வெட்டிக் காய்த்துப்போன விரலால் திரையைத் தொட்டாள்.

"இந்தக் கோட்டுக்கா புள்ள இவ்வளவு நாளு தூங்காம கெடந்த?"

"ஆமாம்மா. வாசிக்க ஆரம்பிக்கிற எடம் இது."

"யாரு வாசிக்கிறா?"

ஷாமிளா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"யாருமில்லம்மா. வாசிப்பு மட்டும் நடக்குது."

செல்லம்மா சிரிக்கவில்லை. குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

"அப்ப அந்த பேங்க் வேல?"

"போகலம்மா."

"சரி," என்ற செல்லம்மா, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னொருக்கா மொதல்லருந்து சொல்லு."