முழங்காலுக்குக் கரண்ட் வைத்த கதை

நோயாளியாக இருப்பது விடுமுறையே இல்லாத உத்தியோகம். முப்பத்து நான்கு ஆண்டு ஆசிரியப் பணிகூட என்னை அதற்கு ஆயத்தப்படுத்தவில்லை. உடம்புக்குள் உலோகத்தை வைத்துக்கொண்டு அவதிப்படும் அன்பர்களே, உங்களுக்கு இது புதிதாக இராது.

ஒப்புதல் படிவம்

ஓய்வு பெற்றபின் வைத்த என் செயற்கை முழங்காலில் சீழ் பிடித்தது. கிருமிகள் உலோகத்தின்மேல் பாசிபோல் படலம் கட்டியிருப்பதால் மருந்து உள்ளே புகவில்லை என்றார் நாகர்கோவில் மருத்துவர். அளந்த, சிறிய மின்சாரத்தை உலோகத்தில் செலுத்தினால் படலம் இளகலாம். பிறகு மருந்து வேலை செய்யலாம். சோதனை நிலையில் உள்ள முறைதான். பலிக்காவிட்டால் உலோகத்தைக் கழற்றி, இனி மடக்கவே முடியாதபடி எலும்புகளை இணைத்துவிட வேண்டும்.

‘நோயாளி மீது மின்சாரம் பாய்ச்சப்படும்’ என்றிருந்தது படிவத்தில். படிப்பவருக்கு அது சிகிச்சையா, தண்டனையா என்று தெரிய வேண்டாமா? ‘நோயாளியின் உலோக மூட்டில்’ என்று சிவப்பு மையால் திருத்தி, இரண்டு சந்திப்பிழைகளையும் சுழித்துக் கொடுத்தேன். செவிலியர் புஷ்பம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒப்பு போடச் சொன்னா பேப்பர் திருத்தி வச்சிருக்கியளே, டீச்சர்.”

சுருக்கிச் சொன்னதன் பலன்

வாரம் இரு முறை, ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இதைத் தெருவில் என் தங்கை ‘அக்காவுக்குக் கரண்ட் வைக்கிறாங்க’ என்று சுருக்கிவிட்டாள். சித்தம் கலங்கியவர்களுக்குத் தலையில் வைப்பதைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள். மறுநாள் வந்த அண்டைவீட்டு ஸ்டெல்லா, முதலில் அரிவாள்மனையை எட்ட நகர்த்தினாள். பிறகு எதிரே அமர்ந்து, சொல் சொல்லாகக் கேட்டாள்: “டீச்சர், நான் ஆருன்னு தெரியுதா?”

மின்வெட்டு

மருத்துவமனையில் அடுத்த கட்டிலில் குளச்சல் விசைப்படகுக்காரர் சூசை. முறிந்த தொடையில் வைத்த கம்பியில் அவருக்கும் அதே கிருமி, அதே சிகிச்சை. ஒருநாள் பாதியில் மின்சாரம் போனது, மின்விசிறி நின்றது. எங்கள் பெட்டிகள் மட்டும் பேட்டரியில் பச்சை விளக்கோடு ஓடின. வியர்வையில் நனைந்தபடி சூசை சொன்னார்: “ஜில்லா முழுக்கக் கரண்டு இல்ல, உங்க முட்டுக்கு மட்டும் உண்டு. குடுத்து வச்ச முட்டு, டீச்சரே.”

மூன்றாம் அறிக்கை

முதல் இரண்டு பரிசோதனைகளிலும் கிருமி குறைந்திருந்தது. தரையில் சம்மணமிட்டு உண்ணும் நாளை எண்ணத் தொடங்கியிருந்தேன். மூன்றாவது அறிக்கையில் சூசைக்குக் கிருமி அறவே இல்லை. எனக்கோ, முதல் நாள் இருந்ததைவிட அதிகம். மருத்துவர் என் முகத்தைப் பார்க்காமல் அறுவைக்கு நாள் குறித்தார்.

சூசை தம் காலால் நடந்து வீட்டுக்குப் புறப்பட்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, என் கட்டிலருகே தலை குனிந்து நின்றார். “உங்களுக்க முன்னால நடந்து போகவே மனசு கேக்கல்ல, டீச்சரே.”

தட்டு

அறுவை முடிந்து, கால் கட்டையாய் நீட்டிக் கிடந்தது. கழற்றிய உலோகத்தைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் கேட்டேன். புஷ்பம் கழுவித் துடைத்து, தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு கீறலோ கறையோ இல்லை. அவரும் குனிந்து பார்த்தார். “இவ்வளவு சுத்தமா இருக்கே, டீச்சர்.”

என் கட்டிலில் அந்த மின்சாரத்திற்கு அத்தனை வாரமும் அசையாமல் கீழ்ப்படிந்தவள் நான் ஒருத்திதான். கிருமிகள் என்னிடம் படித்தவை அல்ல.