பொழுது சாய்ந்த பிறகு போட்ட வெடி

என் தம்பி டிவியில் வருவான் என்று மூன்று வருஷமாக ஊரெல்லாம் சொல்லி என் மானம் போனதுதான் மிச்சம். அவன் வடக்கே ஒரு பெரிய கால்பந்து கிளப்பில் கோல்கீப்பர். கோல்கீப்பர் என்றால் இரண்டாவது கோல்கீப்பர். முதல் ஆள் கோல் கம்பத்துக்கு நடுவே நிற்பார். இவன் மேலே ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். கேமரா எப்போதாவது அந்தப் பக்கம் திரும்பினால் இவனுடைய முழங்கால் தெரியும். அந்த முழங்காலைக் காட்டி, "அது எங்க தம்பி" என்பேன். சேரம்பாடி பஜாரில் டீக்கடை வைத்திருக்கும் மலையாளி, ஊரே 'காக்கா' என்று கூப்பிடுகிற பெரியவர், "காலு நல்ல காலு. முகம் எப்போ காணும்?" என்று கேட்பார். கடையே சிரிக்கும். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

அப்படி இருந்தபோதுதான் அந்த வருஷம் அவனுடைய கிளப் தேசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குப் போனது. அதற்கு முந்தைய ஆட்டத்தில் முதல் கோல்கீப்பருக்கு விரல் முறிந்துவிட்டது. பாவம், நல்ல மனுஷன், ஆனாலும் நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

நான் பஜாரில் இருந்தபோது தம்பி போன் செய்தான். "அக்கா, நான்தான் நிக்கப்போறேன். இந்த மாசத்தோட என் கான்ட்ராக்ட் முடியுது. அடுத்த வருஷம் வெச்சுக்குவாங்களான்னு யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. இந்த ஒரு ஆட்டத்தப் பாத்துதான் முடிவு பண்ணுவாங்க."

"இல்லைன்னா?" என்றேன்.

"இல்லைன்னா கவ்வாத்துக் கத்தி இருக்குல்ல" என்றான். தேயிலைச் செடியின் தலையை வெட்டிவிடுகிற கத்தி அது. எங்கள் அப்பா கடைசிவரை பிடித்தது. அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான்.

எதிரணி எது என்று கேட்கிறீர்களா? மலபார்ப் பக்கத்துக் கிளப்! எல்லையில் இருக்கிற எங்கள் பஜார் முழுக்க அவர்கள் ஆட்கள்தான். கொடி கட்டியாயிற்று, காக்கா கடைக்கு வெளியே பெரிய திரையும் வைத்தாயிற்று. "உங்க தம்பி நல்லா களிக்கட்டே. கப்பு மட்டும் ஞங்களுக்கு" என்றார் காக்கா. நான் டீக்காசை வைத்துவிட்டு நடந்தேன். பேசினால் சண்டைதான் வந்திருக்கும்.

எங்கள் எஸ்டேட்டில் தொழிலாளர் வீடுகள் இரண்டு வரிசை. மேல் லைன், கீழ் லைன். நடுவில் தேயிலைச் சரிவு, ஓரத்தில் சோலைக்காடு. நாங்கள் கீழ் லைன். இங்கே போனுக்கு டவர் கிடைக்காது. மேல் லைனில் கிடைக்கும். ஆட்டம் முடிந்ததும் தம்பியோடு பேசலாம், அங்கே போய்ப் பார்க்கலாம் என்றேன். ஆட்டம் முடிந்து இருட்டில் யார் திரும்பி வருவது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள் அம்மா. பலா பழுக்கத் தொடங்கியிருந்த மாதம் அது. பலா பழுத்தால் யானை வரும்.

யானை விஷயத்தில் எங்கள் லைன்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பொழுது சாய்ந்த பிறகு யாரும் வெடி போடக் கூடாது, தகரம் தட்டக் கூடாது. அந்தச் சத்தம் யானைக்கு மட்டும்தான். கல்யாணமோ, தீபாவளியோ, திருவிழாவோ, வெடியெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். இருட்டில் வெடிச் சத்தம் கேட்டால் கேள்வியே கிடையாது. அடுப்பை அணைத்துவிட்டு, ஆளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்த வேண்டியதுதான். ஒரு தடவை எங்கள் சமையலறைச் சுவரை யானை தள்ளிவிட்டுப் போனதிலிருந்து, கட்டுப்பாட்டை மீறுகிறவர்களை அம்மா சும்மா விடுவதில்லை. ஆட்டத்தன்று காலையிலேயே மேல் லைனுக்கு ஏறிப்போய், "எம்மகன் ஜெயிச்சாலும் ஒருத்தனும் வெடி போடக் கூடாது. வேணும்னா மாரியம்மன் கோயில் மணிய அடிங்க" என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஆட்டம் ஆரம்பித்தபோது எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. கீழ் லைன் மொத்தமும் எங்கள் டிவி முன்னால். இரண்டு அணியும் வரிசையாக வந்தன. கேமரா ஒவ்வொரு முகமாக நகர்ந்து வந்து என் தம்பியின் முகத்தில் நின்றது. முழு முகம்! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுச் சித்தியின் மடியிலிருந்த கைக்குழந்தை அலற ஆரம்பித்துவிட்டது. அம்மா மட்டும், "எளச்சுப்போயிட்டான்" என்றாள்.

முதல் பாதியில் நன்றாகத்தான் நின்றான். இரண்டாம் பாதியில், யாரோ தூரத்திலிருந்து சும்மா உருட்டிவிட்ட மாதிரி ஒரு பந்து வந்தது. குனிந்தான். பந்து கைக்கு நடுவில் புகுந்து உள்ளே போய்விட்டது. அந்தப் பந்தைச் சித்தியின் கைக்குழந்தைகூடப் பிடித்திருக்கும். கீழே பஜாரிலிருந்து எழுந்த கூச்சல் எங்கள் வீடுவரை கேட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "எந்திரிடா, எந்திரி!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். அவன் புல்லில் முகத்தை வைத்தபடியே கிடந்தான். கவ்வாத்துக் கத்தி என் கண் முன்னால் வந்து நின்றது.

நல்லவேளை, முடிகிற நேரத்தில் எங்கள் கிளப் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. கூடுதல் நேரத்திலும் முடிவு வரவில்லை. பெனால்டிக்குப் போனது. அணிக்கு ஐந்து உதை. வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

எங்கள் ஆட்கள் ஐந்தையும் உள்ளே போட்டார்கள். அவர்கள் நான்கைப் போட்டிருந்தார்கள். அந்த நான்கிலும் தம்பி ஒரு பக்கம் விழுந்தான், பந்து மறுபக்கம் போனது. இப்போது அவர்களுடைய ஐந்தாவது உதை. தம்பி பிடித்துவிட்டால் கப்பு எங்களுக்கு. விட்டுவிட்டால் அணிக்கு ஒவ்வொன்றாக மறுபடியும் உதை. உதைக்கிறவன் பந்தை எடுத்து வைத்தான். தம்பி கம்பத்தைத் தொட்டுவிட்டு நடுவில் வந்து நின்றான். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

ஒரு இடி. டிவி அணைந்தது.

எங்கள் மலையிலேயே குந்தா அணைகளில் உண்டாக்குகிற கரண்டு எந்தெந்த ஊருக்கோ போய் விளக்கெரிக்கிறது. அதே மலையில் இருக்கிற எங்களுக்கு, ஒரு இடி இடித்தால் போதும், படுத்துக்கொள்ளும். நான் அன்றைக்குத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. இருட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "பேசாதீங்க, மேல் லைன்ல போன்ல பாத்துட்டிருப்பாங்க, மணிச் சத்தம் வருதான்னு கேளுங்க" என்று அதட்டினேன். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வாசலில் வந்து நின்றோம். கீழே பஜாரும் இருண்டு கிடந்தது. மழை, தவளை, அவ்வளவுதான். மணி அடிக்கவே இல்லை. விட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

அப்போது மேல் லைனில் வெடி வெடித்தது. ஒன்று, இரண்டு, பிறகு சரமாக. கூடவே தகரம் தட்டும் சத்தம்.

"ஆனை!" என்றாள் சித்தி.

அவ்வளவுதான். கப்பாவது கோலாவது, எல்லாம் பறந்துபோயிற்று. அடுத்த நிமிஷம் ஆளாளுக்குக் குழந்தைகளை வாரிக்கொண்டு உள்ளே ஓடி வந்தோம். அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டு, குறுக்கே மரக்கட்டையையும் செருகினாள். சுவரை விட்டுத் தள்ளி நடுவீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். வெடி நிற்கவே இல்லை. மந்தையாக வந்திருக்கிறது என்றார் யாரோ. எனக்கு யானை மேல்தான் கோபம். வருஷம் முழுக்க வருகிறதே, இன்றைக்கு ஒரு நாள் வராமல் இருந்தால் என்ன?

அம்மா மட்டும் கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று, "ஏண்டி, ஆனைய வெரட்டுறவன் சிரிப்பானா?" என்றாள்.

நானும் போய்க் காதை வைத்தேன். மேலே சிரிக்கிறார்கள். விசில் அடிக்கிறார்கள். யானையை விரட்டினால் சத்தம் சரிவோடு நகர்ந்துகொண்டே போகும். இது ஒரே இடத்தில் நின்று குதிக்கிறது. அம்மா மரக்கட்டையை உருவினாள். சித்தி, "அக்கா, தொறக்காதீங்க!" என்று அலறினாள். கட்டுப்பாடு கட்டுப்பாடு என்று ஊரை மிரட்டுகிற என் அம்மா, வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கதவை அகலத் திறந்து, மழையில் இறங்கி நின்றாள். அப்போதுதான் யாருக்கோ சத்தியம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மாரியம்மன் கோயில் மணி கணகணவென்று அடித்தது.

நான் ஆடினேன். சேற்றில், மழையில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடினேன். சித்தி ஆடினாள். தட்டு, குண்டான், கையில் கிடைத்ததையெல்லாம் தட்டினோம். எங்கள் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. டார்ச்சோடு குதித்த வனத்துறை வாட்சர், "எங்கம்மா ஆனை? எந்தப் பக்கம் போச்சு?" என்று பதறினார்.

"ஆனை வரலைங்க. எம்மகன் பந்தப் புடிச்சிட்டான்" என்றாள் அம்மா.

வாட்சர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் நல்ல மனுஷன், எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றி மேல் லைனில் கொண்டுபோய் விட்டார். அங்கே எங்களைத் தூக்காத குறைதான். பந்தை வலது பக்கம் பாய்ந்து பிடித்தானாம், உதறிவிடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டானாம். சத்தியத்தை மீறியதற்கு அம்மா நாலு பேரைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது.

"அக்கா, பாத்தியா? பாத்தியா?" என்று கத்தினான் தம்பி. அவனுக்குப் பின்னால் மைதானமே இரைந்தது. "இங்கயே இருடான்னு கோச் சொல்லிட்டாரு!"

அம்மா போனைப் பிடுங்கினாள். "எங்கடா பாத்தோம்? கரண்டு போச்சு. இவனுங்க போட்ட வெடியில, நாங்க கதவச் சாத்திட்டு உள்ள உக்காந்திருந்தோம்."

அம்மா கையிலிருந்த போனில் நான் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டேன்.

"இருட்டுலயா வெடி போட்டாங்க?" என்றான் மெதுவாக. "இருட்டுல ஆனைக்கு மட்டுந்தானம்மா போடுவாங்க."

"ஆமா."

"எனக்கா போட்டாங்க?" என்று கேட்டான். அவ்வளவு பெரிய மைதானத்தில் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பக் கேட்டு அழுதான்.

"உனக்குத்தாண்டா" என்றாள் அம்மா. பிறகு திட்டு வாங்கிக்கொண்டு நின்றவர்களிடம் திரும்பி, மீதி வெடி இருக்கிறதா என்று கேட்டாள்.