“தோளில் கை வைத்தார்” என்று நான் எழுதியது

டென்மார்க்கின் யூலாந்துப் பகுதியில் ஒரு மருத்துவமனையின் ஆளணிப் பிரிவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, முறைப்பாட்டு விசாரணைகளில் குறிப்பு எடுப்பது. அறைக்குள் சொல்லப்பட்டதை மட்டுமே எழுத வேண்டும். எழுதியதைச் சம்பந்தப்பட்டவர் படித்துக் கையொப்பமிடுவார். அரசறிவியல் பட்டத்தோடு வந்த எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. சொற்கள் சரியாக இருந்தால் முடிவும் சரியாக இருக்கும் என்று உண்மையாகவே நம்பினேன்.

அன்று முறைப்பாடு சொல்ல வந்தவர் ஹேர்னிங்கில் வசிக்கும் தமிழ்ப் பெண். அறுவைச் சிகிச்சைப் பிரிவில் உதவித் தாதி. என் அம்மாவின் வயது. துணைக்கு ஒருவரை அழைத்துவர உரிமை இருந்தும் தனியாகவே வந்திருந்தார். யாரைக் கூட்டி வந்தாலும் அடுத்த பூசைக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும்.

“பிள்ளை தமிழோ?” என்று நடைபாதையில் கேட்டார்.

“ஓம் அன்ரி.”

“நீ ஆரின்ர மகள் எண்டு நான் கேக்கமாட்டன். நீயும் என்னைப் பற்றி வீட்டில கதைக்காத.”

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். மருந்தறையில் மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது, பிரிவின் தலைமை மருத்துவர் பின்னால் வந்து கதவைக் காலால் சாத்தி, அவருடைய சீருடைக்குள் கையைவிட்டு மார்பைப் பிடித்திருக்கிறார். மூன்று தடவை. மூன்றாம் தடவை கையை எடுத்ததும், “இனிய வார இறுதி” என்று வாழ்த்திவிட்டுப் போயிருக்கிறார்.

“இதை டெனிஷில எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? உள்ளுக்கை ரெண்டு ஆம்பிளையள் எல்லே இருக்கினம்.”

“இவ்வளவும் சொல்லத் தேவையில்லை அன்ரி. தொட்டவர் எண்டு சொன்னாலே அவைக்கு விளங்கும்.”

என் பிழை அதுதான். எங்கள் வீடுகளில் ஒரு பெண் ‘தொட்டான்’ என்று சொன்னால், எங்கே என்று யாரும் கேட்பதில்லை, கேட்காமலிருப்பதே மரியாதை. அந்த அறையில் கேட்டார்கள். “எங்கே தொட்டார்?” அன்ரி என்னைப் பார்த்தார். பிறகு மெல்லத் தன் தோளைக் காட்டினார். உண்மை தெரிந்திருந்தும், “தோளில் கை வைத்தார்” என்று எழுதினேன். அவர் கையொப்பமிட்டார்.

மருத்துவரின் பதில் ஒரு கிழமையில் வந்தது. தான் இதமான மனிதராம்; எல்லோரின் தோளிலும் கை வைப்பாராம்; வேறு பண்பாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அது பழக்கமில்லாமல் இருக்கலாமாம்; மனம் நொந்திருந்தால் வருந்துகிறாராம். அந்த வழவழப்பான மன்னிப்பு, நான் எழுதிக்கொடுத்த மூன்று சொற்களில் ஏறி நின்றுகொண்டிருந்தது. வேலையிடத்தில் எல்லோரும் சேர்ந்து உண்ணும் வெள்ளிக்கிழமைக் காலைப் பாண் மேசையில் அந்த மருத்துவரின் பேச்சு வந்தபோது, அவர் பிரிவின் மூத்த தாதி ஒருவர் வெண்ணெய் பூசியபடியே, “அவர் அப்படித்தான், மருந்தறைக்கு நாங்கள் இருவராகத்தான் போவோம்” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பாணைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, அன்ரியை அழைத்தேன்.

“திரும்ப ஏன் வரச் சொல்லுறாய்? நீதானே சொல்ல வேண்டாம் எண்டனீ.”

“நான் சொன்னது பிழை அன்ரி. இந்த முறை நான் எழுதேல்லை. உங்களுக்குத் துணையா இருக்கிறன்.”

“படிச்ச பிள்ளையளின்ர புத்திமதி” என்றார். பிறகு, “வாறன்” என்றார்.

இரண்டாவது விசாரணையில் அவர் உடைந்த டெனிஷில், சிறுபிள்ளைக்கும் தெரிந்த சொற்களால் எல்லாவற்றையும் சொன்னார். ஆண்கள் இருவரும் மேசையைப் பார்த்தார்கள். அவர் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மருத்துவரின் சட்டத்தரணி ஒரே வரியில் பதில் எழுதினார்: ஒரே பெண், இரண்டு குறிப்புகள், இரண்டு கதைகள், எதை நம்புவது? அன்ரி பொய்க்காரியாவதும் ஆகாததும் இனி என் முதல் குறிப்பில் தங்கியிருந்தது. நடைபாதையில் அவர் சொன்னதையும், அதை மறைக்கச் சொன்னது நானே என்பதையும் எழுதி, கையொப்பமிட்டுக் கோப்பில் சேர்த்தேன். இது என் பெயரையும் கெடுக்கும் என்று மேலாளர் எச்சரித்தார். கெடுத்தது, குறிப்பு எடுக்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். சிரித்த அந்த மூத்த தாதி ஒரு நாள் கதவைத் தட்டி, தானும் வாக்குமூலம் தருவதாகச் சொன்னார். மருத்துவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

செய்தியைச் சொல்ல அன்ரியை அழைத்தேன். அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

“அப்ப இனி டொக்டரா வேலை செய்யேலாதோ?”

“வேலை செய்யலாம் அன்ரி. இஞ்சத்தை வேலைதான் போனது. அவரின்ர டொக்டர் அனுமதிப் பத்திரம் வேற அரசாங்கக் கந்தோர் அலுவல். ஆஸ்பத்திரியால அங்கயும் எழுதியிருக்கினம். முடிவு வரேல்லை.”

மறுமுனையில் தண்ணீர்க் குழாய் நிறுத்தப்படும் சத்தம் கேட்டது.

“அப்ப அவர் போற இடத்திலயும் பொம்பிளையள் வேலை செய்வினம்தானே.”

“ஓம்.”

“அங்க எழுதின கடிதத்தில என்ன போட்டிருக்கு? தோளோ?”

“இல்லை அன்ரி. நீங்கள் சொன்னதை அப்பிடியே போட்டிருக்கு.”

“அனுப்பினதை எனக்கு ஒருக்கா வாசி” என்றார். வாசித்தேன். ஒரு சொல்லிலும் அவர் என்னை நிறுத்தவில்லை.